நாயின் தட்டை முன்வைத்துச் சில மறுப்புகள்

இலக்கியக் கூட்டம் முடிந்தபின் வாசலில் நின்று தேநீர் அருந்தும் வேளையில்தான் நம் சூழலில் உண்மையான தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன என்பதை இப்பக்கங்களின் வாசகர்கள் அறிவார்கள். சில வாரங்களுக்கு முன் அப்படியொரு வேளையில், நாய்க்கு உணவு வாங்கவேண்டியிருக்கிறது என்று சொல்லி நாம் சற்று முன்னதாக விடைபெற முயன்றோம். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. கவிதையின் இருண்மை குறித்து அதுவரை எதிலும் ஒத்துப்போகாத நண்பர்கள் நால்வர், நாயின் உணவு குறித்து உடனடியாக நான்கு தீர்ப்புகளை வழங்கினார்கள்.

முதலாமவர், நாய்க்கு மூட்டையில் உணவு வாங்குவதே நகரத்து நடுத்தர வர்க்கத்தின் கேலிக்கூத்து என்றார். அவருடைய ஊரில் நாய்கள் பழைய சோற்றைத் தின்றே வாழ்ந்தனவாம். இரண்டாமவர், தம் வீட்டு நாய் சுத்த சைவமென்றும் தயிர்சாதம் தவிர வேறெதையும் தொடாதென்றும் ஒரு சாதனையை அறிவிப்பதுபோல் சொன்னார். மூன்றாமவருக்கு நாய் என்பது வேடமிட்ட ஓநாய். பச்சை இறைச்சியும் எலும்பும் தவிர மற்றதெல்லாம் அதன் இயல்பின்மீதான வன்முறை. நான்காமவர் கைபேசியை நீட்டினார். பொன்னிறப் பொட்டலம், தானியமற்றது, இயற்கையானது, மனிதர் உண்ணும் தரத்தது என்ற மூன்று அடைமொழிகள், நம் சம்பளத்தைக் கேலி செய்யும் ஒரு விலை.

நால்வரும் நன்கு படித்தவர்கள். ஆனால் நால்வரில் ஒருவர்கூட நம் நாயின் வயதென்ன, எடையென்ன, நாளெல்லாம் அது என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. கிராமம், ஆசாரம், கானகம், சந்தை ஆகிய நான்கு கருத்துருவங்கள் அங்கே விவாதித்துக்கொண்டன. நாய் அந்த விவாதத்தில் இல்லை. நாயின் தட்டில் நாம் பரிமாறுவது பெரும்பாலும் நம்மைப்பற்றி நாம் கொண்டிருக்கும் பிம்பத்தையே என்பதுதான் நம் வாதம். நல்ல உணவைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பிம்பத்தை அகற்றிவிட்டு, எதிரில் நிற்கும் ஒரு குறிப்பிட்ட உயிரை வாசிப்பதில் தொடங்குகிறது.

*

பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுவது முறை.

எங்கள் வீட்டுக்குச் செவலை வந்தபோது அவனுக்கு நாற்பத்தைந்து நாள். விருதுநகர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறைக் குட்டி. எங்கள் வீடு மரக்கறி வீடு. பெரியவர்கள் இருக்கும் சமையலறையில் இறைச்சி வேகாது என்பது எழுதப்படாத சட்டம். ஆகவே செவலைக்கு நீர்த்த பாலில் பிசைந்த சோறு, பிறகு மோர்ச்சோறு, ஞாயிறுகளில் எவர் கண்ணிலும் படாமல் ஒரு முட்டை. அவன் தட்டை நக்கித் துடைத்தான். நாங்கள் அதைத் திருப்தி என்று பொருள்கொண்டோம். நான்காம் மாதத்தில் அவனுடைய முன்னங்கால்கள் வெளிப்புறமாக வளையத் தொடங்கின. வேட்டைநாய்க்கு அப்படித்தான் இருக்கும் என்றார் ஒருவர். வெயிலில் கட்டிப்போட்டால் சரியாகிவிடும், குழந்தைகளுக்குச் செய்வதில்லையா என்றார் இன்னொருவர். வெயிலிலும் கட்டிப்போட்டோம்.

படியேற மறுத்த ஒரு காலையில்தான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். ஊடுகதிர்ப் படத்தில் அவனுடைய எலும்புகள் தாளில் பென்சிலால் இலேசாகக் கோடிட்டதுபோல் மங்கலாக இருந்தன. மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. என்ன சாப்பிடுகிறான் என்று மட்டும் கேட்டார். நாங்கள் சொன்னதும் சிறிதுநேரம் பேசாமலிருந்துவிட்டு, கால்சியம் போதாது, வைட்டமின் டி போதாது, புரதம் போதாது என்று வரிசையாகச் சொன்னார். மனிதத் தோல் வெயிலில் வைட்டமின் டி-யை உண்டாக்கிக்கொள்வதுபோல் நாயின் தோல் போதிய அளவு உண்டாக்குவதில்லை. நாய்க்கு அது உணவிலிருந்துதான் வந்தாகவேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தோம். நாங்கள் வெயிலில் கட்டிப்போட்டு அவனைத் தாகத்துக்குத்தான் ஆளாக்கியிருக்கிறோம்.

மொழியில் முதுகலைப் பட்டம் பெற்று, மாணவர்களுக்கு நுண்வாசிப்புக் கற்பிக்கும் ஒருவரின் வீட்டில் இது நடந்தது. கனிவுக்குக் குறைவில்லை, அறிவுதான் இல்லை. கனிவு இருந்ததால் அறிவு தேவையில்லை என்று எண்ணியிருந்தோம் என்பதே அதைவிடப் பெரிய பிழை.

*

இனி முதல் நண்பருக்கு. அவர் சொல்லும் கிராமத்து நாயை நாமும் அறிவோம். ஆனால் அந்த நாய் பழைய சோற்றை மட்டுமா தின்றது? வயலில் எலியைத் தின்றது; ஓணானைத் தின்றது; ஆடு ஈன்ற இடத்தில் நஞ்சுக்கொடியைத் தின்றது; இறைச்சி வெட்டும் இடத்தில் விழுந்ததைத் தின்றது; நாம் எழுதத் தயங்கும் இன்னும் பலவற்றையும் தின்றது. சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் ராஜபாளையமும் வேட்டையோடும் காவலோடும் வளர்ந்த இனங்கள். வீட்டில் கிடைத்த கூழும் சோறும் அவற்றின் உணவில் ஒரு பகுதிதான். மற்றதைக் காடும் மேடும் தந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல்வேட்டை குற்றம், அது சரியானதும்கூட. ஆனால் நாயின் தட்டிலிருந்து காட்டை எடுத்துவிட்டு, இரும்புக் கதவுக்குப் பின்னால் சங்கிலியில் கட்டிவைத்து, மிச்சமிருக்கும் சோற்றை மட்டும் போட்டுவிட்டு, இதுதான் நம் மரபு என்பது மரபைப் பற்றிய பொய்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஊரில் செத்துப்போன குட்டிகளை யார் கணக்கெடுத்தார்கள்? பிழைத்து நின்ற நாய்தான் நம் ஞாபகத்தில் வாலாட்டுகிறது. நினைவேக்கம் எப்போதும் பிழைத்தவர்களின் வரலாற்றையே எழுதும். இலக்கியம் பயின்ற நமக்கு இதை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

கணக்கைப் பார்ப்போம். வெந்த சோற்றிலிருந்து நீரைக் கழித்துவிட்டால் எஞ்சும் உலர் எடையில் புரதம் ஏறத்தாழ 8 முதல் 9 விழுக்காடு. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கமான ஆஃப்கோ வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு, வளர்ந்த நாய்க்கு உலர் எடையில் 18 விழுக்காடு. வளரும் குட்டிக்கு 22.5. குட்டிக்குக் கால்சியம் குறைந்தது 1.2 விழுக்காடு வேண்டும். சோற்றில் இருப்பது அதில் நாற்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. மோர் ஊற்றினால் சற்றுக் கூடும், போதுமானதாகாது. வயிறு நிறைவதும் உடல் வளர்வதும் இருவேறு வினைகள். பசியாறிய நாய் பட்டினியாகவும் இருக்கமுடியும்.

மீந்த சோறென்றால் அதன்மேல் குழம்பும் இருக்குமல்லவா? வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாமலிருந்தது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்ற கருத்து 2021இல் முன்வைக்கப்பட்டது. அதே அமிலம் மிகுந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானதை 2022இல் வெளியான ஆய்வுக்கட்டுரை பதிவு செய்தது. புளியில்லாத தமிழ்ச் சமையலறை ஏது? சாம்பாரும் புளியோதரையும் நமக்கு அமுதாக இருக்கலாம். மீந்ததைப் போடுகிறோம் என்று சொல்லும்போது எது மீந்தது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

*

இரண்டாம் நண்பரின் சைவ நாயைப் பற்றிப் பேசும்போது நாம் நிதானமாக இருக்கவேண்டும். அது நேற்றுவரை எங்கள் வீட்டு நாயும்தான்.

நாய்க்குச் சைவ உணவு அறவே இயலாது என்று நாம் சொல்லவில்லை, அது உண்மையுமன்று. பூனை இறைச்சியின்றி வாழ முடியாத பிராணி. இறைச்சியிலிருந்து மட்டுமே இயல்பாகப் பெறக்கூடிய சில பொருள்களை அதன் உடல் தானே செய்துகொள்வதில்லை. நாய்க்கு அந்த நிர்ப்பந்தம் அவ்வளவு இல்லை. அமினோ அமிலங்களும் தாதுக்களும் வைட்டமின்களும் துல்லியமாகக் கணக்கிடப்பட்ட தாவர உணவில் வளர்ந்த நாய் நலமாக இருக்கமுடியும். ஆனால் கணக்கிடப்பட்ட தாவர உணவு ஒன்று, தயிர்சாதம் இன்னொன்று. முன்னதில் ஓர் உணவியலாளரின் உழைப்பு இருக்கிறது. பின்னதில் நம் சமையலறையின் ஆசாரம் மட்டுமே இருக்கிறது.

நம் சமய இலக்கியத்தில் நாய் தாழ்மையின் அளவுகோல். மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நாயைத்தான் திரும்பத் திரும்ப அழைக்கிறார். நம் பழமொழிகளும் நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதைக் கேலி செய்தே பழகியவை. அப்படி நெடுங்காலம் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த பிராணியை இப்போது நடுவீட்டுக்கு அழைத்துக்கொண்டோம், நல்லது. ஆனால் உள்ளே வருவதற்கு அது செலுத்தவேண்டிய கட்டணமாக நம் ஆசாரத்தை அதன் எலும்பில் ஏற்றியிருக்கிறோம். நாயின் தூய்மையைப் பாராட்டும்போது நாம் பாராட்டிக்கொள்வது யாரை? விரதம் என்பது விரும்பி மேற்கொள்வது. தேர்ந்துகொள்ள வழியில்லாத உயிருக்கு விதிக்கப்படும் விரதத்துக்கு வேறு பெயர் உண்டு.

*

மூன்றாமவரின் ஓநாய் கவித்துவமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிவியல் அவருடைய பக்கம் நிற்கவில்லை. 2013இல் நேச்சர் இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் என்ற நொதிக்குரிய மரபணு ஓநாயில் இரண்டு படிகளாகவே இருக்க, நாய்களில் நான்கு முதல் முப்பது படிகள்வரை பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதனுடைய அடுப்பின் அருகே பல்லாயிரம் ஆண்டுகள் அமர்ந்திருந்த பிராணி, அந்த அடுப்பில் வெந்ததைச் செரிக்கும்படி தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. நாயை ஓநாயென்று அழைப்பது அந்த நீண்ட நட்பை மறுப்பதாகும்.

இறைச்சி மட்டுமே போதும் என்ற எண்ணம் தயிர்சாதத்தின் மறுபாதிதான். எலும்பற்ற கோழிக்கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. ஒன்றுக்குப் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறைந்தது சமமாக இருக்கவேண்டும். அது குறைந்தால் உடல் தன் எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். ஆக, கோழிக்கறி மட்டும் தின்ற குட்டியும் மோர்ச்சோறு மட்டும் தின்ற குட்டியும் ஒரே மருத்துவரின் வாசலில் சந்தித்துக்கொள்ளும். பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். அவை நாயோடு நிற்பதில்லை, நாயின் நாக்கு தொடும் குழந்தையிடமும் வரும். வெந்த எலும்போ சிம்புசிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். விருந்து முடிந்தபின் பிரியாணி எலும்பை நாய்க்குப் போடுவது அன்பின் அடையாளமாக இன்றும் கருதப்படுவது வருத்தத்துக்குரியது.

இவற்றைப் படித்துவிட்டு உடனே கால்சிய மருந்தை வாங்கிக் குட்டிக்குப் புகட்ட வேண்டாம். பேரினக் குட்டிகளின் உடல் மிகையான கால்சியத்தைத் தள்ளிவிட அறியாது. மிகுதியும் எலும்பைக் கோணலாக்கும். ஆஃப்கோ பேரினக் குட்டிகளுக்கு 1.8 விழுக்காடு என்று மேல்வரம்பும் வைத்திருப்பது அதனால்தான். ஏற்கெனவே முழுமையான உணவு தின்னும் குட்டிக்கு மேலும் கால்சியம் ஊற்றுவது அடியோடு தவறு.

*

நான்காம் நண்பருக்குத்தான் நம் நீண்ட மறுப்பு. ஏனெனில் மற்ற மூவரும் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்கிறார்கள். இவரை ஏமாற்றுவதற்குப் பிறர் ஊதியம் பெறுகிறார்கள்.

நாய் உணவு விளம்பரத்தின் வயது நாய் உணவின் வயதேதான். 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய்களுக்கான பிஸ்கோத்துகளை விற்கத் தொடங்கினார். அந்நிறுவனத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் க்ரஃப்ட்தான் பிற்பாடு 1891இல் தம் பெயரில் நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். உணவும் கௌரவமும் தொடக்கத்திலிருந்தே ஒரே கடையில் விற்கப்பட்டிருக்கின்றன.

பின்நவீனத்துவம் பேசும் நம் நண்பர்கள் உலகிலுள்ள அனைத்தையும் பிரதி என்பார்கள். சினிமாச் சுவரொட்டி பிரதி, சோப்பு விளம்பரம் பிரதி. நாய் உணவு மூட்டையின் பின்பக்கம் மட்டும் எவராலும் வாசிக்கப்படாத பிரதியாகவே இருக்கிறது. முன்பக்கம் கவிதை, பின்பக்கம் உரைநடை. முன்பக்கத்தில் பச்சைக் காய்கறியும் தோலுரித்த கோழியும் பளபளக்கும் நாயும் இருக்கும். பிரீமியம், ஹோலிஸ்டிக் போன்ற சொற்கள் இருக்கும். இச்சொற்கள் எவற்றுக்கும் அளவீடு கிடையாது. அடைமொழிகளைக் குவித்த கவிதையை நாம் எப்படி ஐயத்துடன் அணுகுவோமோ அதே ஐயம் இங்கேயும் தேவை.

தானியமற்றது என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தானியத்தை நீக்கினால் அந்த இடத்தில் பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் வரும். இத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய்க்கும் தொடர்புண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரிக்கத் தொடங்கியது. காரணகாரியம் நிறுவப்படவில்லை, புதிய அறிவியல் தகவல் வரும்வரை மேற்கொண்டு அறிக்கை வெளியிடப்போவதில்லை என்று 2022 டிசம்பரில் அது அறிவித்தது. ஆகவே தானியமற்ற உணவெல்லாம் நஞ்சு என்று நாமும் கூவப்போவதில்லை. ஆனால் அரிசியைச் செரிக்கத் தெரிந்த பிராணிக்கு அரிசியில்லாத உணவை அதிக விலையில் விற்பதற்கு முன், அதனால் நாய்க்கு என்ன நன்மை என்பதை நிறுவவேண்டிய பொறுப்பு விற்பவருடையது. அவர்கள் நிறுவவில்லை. நாமும் கேட்கவில்லை.

புரதம் என்ற எண்ணும் நாம் நினைப்பதுபோல் எளியதன்று. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிக் கிடைப்பதே மூட்டையில் கச்சாப் புரதம் என்று அச்சாகிறது. தசையிலும் நைட்ரஜன் உண்டு, இறகிலும் உண்டு. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் 6 கோடிக்கும் மேற்பட்ட நாய், பூனை உணவு டப்பாக்களும் பொட்டலங்களும் திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் அளவை உயர்த்திக் காட்டுவதற்காக மெலமின் என்ற வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. அது பிராணிகளின் சிறுநீரகங்களில் படிகமாகி அடைத்தது. அடுத்த ஆண்டே, 2008இல், அதே மெலமின் சீனாவின் குழந்தைப் பால்மாவில் வெளிப்பட்டது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், ஆறு குழந்தைகள் இறந்தனர். நாய் உணவுதானே என்று அலட்சியமாகக் கடந்துபோகும் நண்பர்கள் இவ்விரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்து யோசிக்கட்டும்.

*

அப்படியானால் எதை வாங்குவது? எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. எப்படி வாசிப்பது என்பதை மட்டும் சொல்லலாம்.

முதலில் தேடவேண்டியது, இவ்வுணவு முழுமையானதும் சமச்சீரானதுமாகும் என்ற அறிவிப்பு. ஆங்கிலத்தில் கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு என்றிருக்கும். அதனோடு எந்த வயதுக்கு என்பதும் இருக்கவேண்டும்: வளரும் குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா, எல்லாப் பருவத்துக்குமா. அமெரிக்காவின் ஆஃப்கோ, ஐரோப்பாவின் ஃபெடியாஃப் ஆகியவற்றின் அளவுகளை மேற்கோள் காட்டும் மூட்டைகள் நம் ஊரிலும் கிடைக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் நாய், பூனை உணவுக்கெனத் தனியான தரக்குறிப்பை வைத்திருக்கிறது. ஆனால் ஆஃப்கோ எந்த உணவையும் சோதிப்பதுமில்லை, சான்றளிப்பதுமில்லை. அளவை மட்டுமே வகுக்கிறது. ஆகவே ஆஃப்கோ சான்று பெற்றது என்று எழுதியிருந்தால் அந்த வாக்கியமே ஓர் எச்சரிக்கை. துணை உணவு, தின்பண்டம் என்றிருந்தால் அதை அன்றாட உணவாக்கக்கூடாது.

இரண்டாவது, உட்பொருள் பட்டியல். அது சமைப்பதற்கு முந்தைய எடையின்படி இறங்குவரிசையில் எழுதப்படுவது. கோழி முதலிடத்தில் இருக்கலாம். ஆனால் பச்சைக் கோழியின் எடையில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு நீர். நீர் வற்றியபின் அதன் இடம் கீழே போய்விடும். அரிசி, குருணை, தவிடு என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஒரே கருத்தை மூன்று பத்தியாக்கும் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திப் பழகியவர்களுக்கு இந்த உத்தி புதிதன்று. பட்டியலை மட்டும் நம்பித் தரத்தை முடிவுசெய்வதும் பிழைதான். ஈரலும் நுரையீரலும் துணைப்பொருள் என்று எழுதப்பட்டால் முகஞ்சுளிக்கிறோம். ஆனால் நாய்க்கு அவை நல்லுணவு.

மூன்றாவது, ஈரப்பதத்தைக் கழித்து ஒப்பிடுவது. டப்பா உணவில் புரதம் 8 என்றும் உலர் உணவில் 24 என்றும் இருந்தால் இரண்டாவது மும்மடங்கு வளமானது என்று தோன்றும். டப்பாவில் ஈரம் 80 விழுக்காடு. எஞ்சிய 20இல் 8 என்றால் 40 விழுக்காடு. உலர் உணவில் ஈரம் 10. எஞ்சிய 90இல் 24 என்றால் 27 விழுக்காட்டுக்கும் குறைவு. பள்ளிக் கணக்குதான், போடுவாரில்லை.

நான்காவது, செய்தவர் யார். உலகச் சிறுபிராணி மருத்துவச் சங்கம் நுகர்வோர் கேட்கவேண்டிய கேள்விகளை வகுத்திருக்கிறது: உணவை வடிவமைத்தவர் உணவியல் கற்றவரா, எங்கே தயாராகிறது, தரம் எவ்வாறு சோதிக்கப்படுகிறது, நூறு கிராமில் எத்தனை கலோரி. பொட்டலத்திலுள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாத நிறுவனத்தின் பொன்னிறத்தை நாம் ஏன் நம்பவேண்டும்? கடைகளில் பிரித்த மூட்டையிலிருந்து லூஸில் அள்ளித் தரும் உணவை வாங்காதிருப்பது நல்லது. தயாரித்த மாதமும் தொகுதி எண்ணும் அதோடு வராது. நம் ஊர் வெக்கையில் காற்றுப்பட்ட கொழுப்பு சிக்குவாடை ஏறிக் கெடும், ஈரம்பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஐந்தாவது, அளவு. எடையைக் கிலோவில் எடுத்து, அதன் முக்கால் அடுக்கை 70ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைக்கான கலோரி. 20 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 660. கருத்தடை செய்யப்பட்டு வீட்டிலிருக்கும் வளர்ந்த நாய்க்கு அதை 1.6 மடங்காக்கினால் 1050 சொச்சம். நூறு கிராமில் 350 கலோரியுள்ள உணவென்றால் நாளுக்கு 300 கிராம். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்படவேண்டும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், 48 லாப்ரடார் நாய்களில் ஒரு பாதிக்கு மறுபாதியைவிடக் கால்பங்கு குறைவாக உணவிட்டார்கள். குறைவாக உண்டவை சராசரியாக இரண்டாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் கூடுதலாக வாழ்ந்தன. ஆய்வை நடத்தியதே ஓர் உணவு நிறுவனம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். குறைவாகப் போடு என்ற முடிவு அவர்களுடைய வியாபாரத்துக்கு உகந்ததன்று என்பதால் நம் நம்பிக்கை கூடுகிறது.

மூட்டை வாங்க முடியாதவர்களும் விரும்பாதவர்களும் வீட்டில் சமைக்கலாம். தடையில்லை. ஆனால் 2013இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நூல்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 சமையல் குறிப்புகளைச் சோதித்தபோது, அவற்றில் 95 விழுக்காட்டில் குறைந்தது ஒரு சத்தாவது போதாமலிருந்தது. குறிப்பை இணையத்திலிருந்து எடுக்காமல் கால்நடை மருத்துவரிடமிருந்து பெறவேண்டும். எதை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாமல் ஏழு முதல் பத்து நாள்களில் சிறிதுசிறிதாகக் கலந்து மாற்றவேண்டும்.

*

இதற்கெல்லாம் ஓர் எதிர்ப்பு வரும் என்பதை அறிவோம். மனிதக் குழந்தைகள் பசித்திருக்கும் நாட்டில் நாயின் புரத விழுக்காட்டுக்கு இவ்வளவு மையா? இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். ஆனால் இது தவறான முகவரிக்கு வந்த கேள்வி. குழந்தைகளின் பசிக்கு நாயின் தட்டு காரணமன்று. நாய் வளர்க்கவேண்டும் என்று எவரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. வளர்ப்பதென்று முடிவுசெய்து, கதவைச் சாத்தி, சங்கிலியை மாட்டியபின் அந்த உயிர் தானாக எதையும் தேடிக்கொள்ளும் வழியை நாமே அடைத்துவிட்டோம். தெருநாய்க்குக் குப்பைத்தொட்டியாவது உண்டு. வீட்டு நாய்க்கு நாம் மட்டும்தான். முடியாதென்றால் வளர்க்காமலிருப்பது கண்ணியமான முடிவு. வளர்த்துக்கொண்டே வறுமையைச் சாக்காகச் சொல்வது கண்ணியமன்று. அதிலும் அந்தச் சாக்கைச் சொல்பவரின் கைபேசி புதியதாக இருக்கும்போது.

செவலைக்கு இப்போது ஒன்பது வயது. உணவை மாற்றிய சில மாதங்களில் எலும்பு உறுதிப்பட்டது, வலி நின்றது. முன்னங்கால்களின் வளைவு மட்டும் நேராகவில்லை. ஓடும்போது அவனுடைய இனத்துக்குரிய அம்புப் பாய்ச்சல் இல்லை. பக்கவாட்டில் ஓர் இழுப்பு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பிறவிக் குறையா என்று கேட்கிறார்கள். இல்லை, நாங்கள் செய்தது என்று சொல்வதற்கு எங்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

நண்பர்கள் நால்வரும் இதை மறுத்து எழுதவேண்டும் என்று விரும்புகிறோம். எழுதுமுன் வீட்டிலிருக்கும் மூட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, நாயையும் ஒருமுறை எடைபோட்டுவிட்டு எழுதட்டும்.